"அறிவிக்கிறோம்" என்றதன் பின்: மாத்தளை மாவட்டத்தில் நேர்முகப் பரீட்சையும் வராத பதிலும்

வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் அரச வர்த்தமானியில் வேலைக்கு ஆள் சேர்க்கும் அறிவித்தல்களைப் படித்துக்கொண்டே போனால் ஒன்று தெரியும். விண்ணப்பிப்பவருக்கு உரிய திகதிகள் எல்லாம் அதில் இருக்கும். எந்தத் திகதியில் வயது கணக்கிடப்படும், எந்தத் திகதிக்குள் தகைமை பூர்த்தியாகியிருக்க வேண்டும், விண்ணப்பம் என்றைக்குள் வந்து சேர வேண்டும் என்று ஒன்றும் விடுபடாது. பிந்தி வருபவை நிராகரிக்கப்படும் என்ற வரியும் தவறாது. வேலை தருபவர் தன் முடிவை என்றைக்குள் சொல்வார் என்பது மட்டும் பெரும்பாலும் இராது. தம்புள்ளை ஹோட்டலின் முகநூல் விளம்பரத்திலும், மாத்தளை நகரச் சுப்பர் மார்க்கெட்டின் கண்ணாடியில் ஒட்டிய தாளிலும் இதே நிலைதான். நேர்முகப் பரீட்சை முடிந்து எழும்பும்போது "சரி, போயிட்டு வாங்க, அறிவிக்கிறோம்" என்பார்கள். யார், எப்போது, எந்த வழியில் என்று சொல்வதில்லை. கேட்பவர்களும் குறைவு.

நேர்முகப் பரீட்சைக்குப் பின் வேலை தருபவரைத் தொடர்ந்து விசாரிப்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நன்றிக் கடிதம், மின்னஞ்சல், எத்தனை நாள் பொறுப்பது என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். அவை பயனுள்ள விடயங்கள்தான். ஆனால் மாத்தளையில் இந்தக் கேள்வி அங்கே தொடங்குவதில்லை. இங்கே பதில் வராத இடைவெளியை நிரப்ப ஒருவர் ஏற்கெனவே காத்திருக்கிறார். அவர் பிரதேச சபை உறுப்பினராக இருக்கலாம், தொழிற்சங்கப் பிரமுகராக இருக்கலாம், "உள்ளே ஆள் தெரியும்" என்று சொல்லும் உறவினராகவும் இருக்கலாம். இன்டர்வியூவுக்குப் போய் வந்த பிள்ளையிடம் வீட்டில் கேட்கும் முதற் கேள்வி, "என்ன கேட்டாங்க?" என்பதாக இருப்பதில்லை, "யாரையாச்சும் புடிச்சிருக்கியா?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதில் சொல்லும் கடமை நிறுவனங்களுக்கு இல்லாத ஊரில், பதிலை அறிந்துகொள்ள ஆள் பிடிப்பதைத் தவிர அவர்களுக்குத் தெரிந்த வழி வேறு இருந்ததில்லை.

அதற்கு நீண்ட வரலாறு உண்டு. கோப்பிக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த தமிழருக்கு வேலை தந்தது துரை என்றாலும், அந்த வேலையைக் கையில் கொடுத்தவர் கங்காணி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற விரும்பியவரிடம் 'துண்டு' இருக்க வேண்டும். அவர் மீதுள்ள கடன் அந்தத் துண்டில் எழுதப்பட்டிருக்கும். அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலை தருபவரிடம் நேரே போய்ப் பேசும் வழக்கம் அதனால் வந்துவிடவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அரச வேலைக்கான அறிவித்தல்களில் முதல் நிபந்தனை விண்ணப்பதாரி இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும் என்பது. எனவே இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. குடியுரிமை கிடைக்காமல் எஞ்சியோருக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பிறகுதான் பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்வுக்கு வந்தது. அரச அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு கேள்வி அனுப்பி, அதற்கு எழுத்தில் பதில் பெறும் பழக்கம் இந்தக் குடும்பங்களில் இல்லையென்றால் அது அவர்களின் கூச்ச சுபாவத்தால் வந்ததல்ல.

முகவரியும் இதில் ஒரு பெரிய முடிச்சு. லயன் அறைகளுக்குத் தனித்தனி இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாததால் கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும்; தோட்ட அலுவலகத்தில் கிடந்து, யாராவது எடுத்துவந்து தரும்போது கிடைக்கும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்தது என்ற கதை மலையகத்தில் யாருக்கும் புதிதல்ல. ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது: விண்ணப்பத்தில் நகரத்திலுள்ள உறவினர் ஒருவரின் முகவரியை அவருடைய சம்மதத்துடன் தபால் முகவரியாகக் கொடுங்கள். இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுங்கள். வேலை கிடைக்கும்வரை சிம் அட்டையை மாற்றாதீர்கள். அவர்கள் அழைத்தபோது எண் வேலை செய்யவில்லை என்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போவதுதான் எங்கும் நடைமுறை.

அரச வேலையில் விசாரிக்கப் போகும் முன், நடந்தது எந்த வகை நேர்முகப் பரீட்சை என்பது தெரிந்திருக்க வேண்டும். பொது நேர்முகப் பரீட்சையில் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. சான்றிதழ்கள் அசல்தானா, தகைமை அறிவித்தலுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சையில் கல்வித் தகைமை, அனுபவம், மொழி, நேரில் காட்டும் திறமை என்று தலைப்புவாரியாகப் புள்ளி உண்டு. அந்தப் புள்ளித் திட்டம் முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்டிருக்கும். முதல் வகையில் ஒருவர் தெரிவாகவில்லை என்றால் ஏதோ ஓர் ஆவணம் குறைந்திருக்கிறது, அல்லது எழுத்துப் பரீட்சையின் வரிசையில் அவர் பின்னால் இருக்கிறார். அங்கே போய் "நல்லாத்தான் பதில் சொன்னேன்" என்று வாதிடுவதில் பயனில்லை. எந்த ஆவணம் குறைந்தது என்று கேட்க வேண்டும். இரண்டாம் வகையில் கேட்க வேண்டியது புள்ளிகளை: எனக்கு ஒவ்வொரு தலைப்பிலும் எத்தனை, தெரிவான கடைசி நபர் பெற்ற மொத்தம் எத்தனை, வெற்றிடங்கள் எத்தனை நிரப்பப்பட்டன.

இவற்றைக் கேட்பதற்கு இன்று ஒரு சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபை நிறுவனங்கள், பிரதேச சபைகள், கூட்டுத்தாபனங்கள் எல்லாம் அதன் கீழ் வருகின்றன. மாத்தளைக்கு இதில் ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. இந்த மாவட்டத்திலும் கண்டியிலும் பல தோட்டங்கள் இன்றும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளான்டேஷன் ஆகிய அரச கட்டுப்பாட்டு நிறுவனங்களின் கையில் உள்ளன. ஆகவே அந்தத் தோட்டமொன்றில் கிளாக்கர் வேலைக்கோ களஉத்தியோகத்தர் வேலைக்கோ நேர்முகப் பரீட்சைக்குப் போனவரும் இதே சட்டத்தின்படி கேட்கலாம். பலரும் இதை அறியாமல், துரையின் பங்களாவுக்கு யாரை அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தகவல் கேட்கும் விண்ணப்பத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாலும் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அவருடைய பதிலும் சரியில்லை என்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். தன் சொந்தப் புள்ளிகளைக் கேட்பவரிடம் 'தனிப்பட்ட தகவல்' என்று காரணம் சொல்ல இடமில்லை. இன்னொருவரின் புள்ளிகளைக் கேட்டால் அந்தக் காரணம் சொல்லப்படலாம். ஆனால் வெளியிடுவதில் உள்ள பொதுநலன் பெரிது என்று காட்டினால் சட்டம் வழிவிடுகிறது. இந்தியாவில் இதே கேள்வி நீதிமன்றங்களில் இரு பக்கமும் இழுபட்டிருக்கிறது. தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை பரீட்சை எழுதியவருக்கு உண்டு என்று 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் அதே நீதிமன்றம், குடிமைப் பணித் தேர்வின் புள்ளி விபரங்களை இயந்திரகதியில் வெளியிடும்படி கட்டளையிட முடியாது என்றது. அதோடு ஒப்பிட்டால் நமது சட்டம் விண்ணப்பதாரிக்கு நெருக்கமாகவே இருக்கிறது, பயன்படுத்துபவர்கள்தான் போதாது.

கால எல்லையில் கவனமாக இருக்க வேண்டும். தெரிவில் பாகுபாடு நடந்தது என்று நம்புபவர் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் ஒன்று கண்டியில் இருக்கிறது. மந்திரியைப் பார்த்து, மந்திரியின் செயலாளரைப் பார்த்து, "பொறுங்க, செய்வோம்" என்ற வார்த்தையை நம்பி மூன்று மாதம் போக்கியவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். ஆள் பிடிப்பதால் வரும் நட்டங்களில் மிகக் கொடியது இதுதான் என்பேன். கொடுத்த பணம் திரும்பினாலும் போன மாதம் திரும்பாது.

அண்மைக் கால அனுபவங்கள் இரண்டைப் பார்க்கலாம். 2014இல் பெருந்தோட்டப் பகுதித் தமிழ்ப் பாடசாலைகளுக்குச் சுமார் 3 ஆயிரம் ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்க்க வர்த்தமானியில் விண்ணப்பம் கோரப்பட்டது. உயர்தரம் சித்தியடைந்த மலையக இளைஞர் யுவதிகளுக்கு அது பெரிய வாய்ப்பு. தொடக்கக் கொடுப்பனவு மாதம் 6 ஆயிரம் ரூபா. பிறகு 10 ஆயிரமானது. நியமனங்கள் அடுத்த ஆண்டில் கட்டம் கட்டமாக, மேடை போட்டு, அரசியல்வாதிகளின் கையால் வழங்கப்பட்டன. தகைமையால் கிடைத்த நியமனக் கடிதத்தை ஒரு தலைவர் கையிலிருந்து கும்பிட்டு வாங்க வைப்பது எதைக் கற்பிக்கிறது? வேலை அவர் கொடுத்தது என்பதைத்தான். கடிதம் கிடைக்காதவரும் அடுத்த நாள் அந்தத் தலைவரின் வாசலுக்கே போவார்.

இன்னொன்று 2020இன் பட்டதாரிப் பயிலுனர் திட்டம். மார்ச் மாதம் தொடங்கிய ஆட்சேர்ப்பைத் தேர்தல் காலம் என்பதால் தேர்தல் ஆணைக்குழு இடைநிறுத்தியது. ஆகஸ்ட் பொதுத் தேர்தலின் பிறகு பட்டியல் வெளியானபோது பல பெயர்கள் அதில் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு இருந்தவர்கள் ஏற்கெனவே வேலையில் உள்ளவர்கள் என்று விலக்கப்பட்டிருந்தார்கள். படித்து முடித்து வேலை கிடைக்காமல் தற்காலிகமாகக் கடையிலோ கம்பனியிலோ சில மாதம் நின்றவர்களுக்கு அது அநியாயமாகப் பட்டது, மேன்முறையீடுகள் குவிந்தன. இதில் கவனிக்க வேண்டியது, காரணம் வெளியே தெரிந்ததால்தான் அவர்களால் எதிர்வாதம் வைக்க முடிந்தது. தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது தெரியாதவரால் கெஞ்ச மட்டுமே முடியும்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் மாத்தளையைப் பற்றி எழுத முடியாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 4 இலட்சத்து 84 ஆயிரம். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நிருவாக மொழி சிங்களம். ஆயினும் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும், பதிலைத் தமிழில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நடைமுறையில் தமிழ்க் கடிதம் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாமல் கோப்பில் தூங்கும் என்ற பயம் உண்டு, அந்தப் பயத்துக்கு ஆதாரமும் உண்டு. என் கருத்து, தமிழில் எழுதி, கூடவே சிங்களத்தில் ஒரு பிரதி இணைப்பது நல்லது. உரிமையை விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது, கடிதமும் நகரும். 2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. அந்தப் பயணிகள் முன்வைத்த கோரிக்கைகளில் மொழிச் சமத்துவமும், அரச சேவைகளைச் சமமாகப் பெறும் உரிமையும் இருந்தன. வேலை கேட்டுப் போன பிள்ளைக்கு அதன் மொழியில் உரிய நேரத்தில் பதில் கிடைப்பது அந்த உரிமைக்குள் அடங்கும்.

தனியார் துறையில் நிலைமை வேறு. அங்கே தகவலறியும் உரிமை எட்டாது. 2022இன் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன்னைப் பற்றிய தரவைக் கேட்கும் உரிமையைப் பேசுகிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. எனவே அங்கே நன்றாகக் கேட்பதே வழி.

தம்புள்ளை, சீகிரியா, கந்தலம பகுதி ஹோட்டல்கள் மாவட்டத்தின் இளைஞர்களுக்குப் பெரிய வேலைக்களம். 1994இல் ஜெப்ரி பாவா வடிவமைத்த கந்தலம ஹோட்டல் திறந்த காலத்திலிருந்தே சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் அந்தத் துறைக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல், 2020இன் கொரோனா, 2022இன் பொருளாதார நெருக்கடி என்று மூன்று அடி வாங்கிய துறை அது. அனுபவமுள்ளவர்கள் மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டே இருப்பதால் வெற்றிடம் திடீரென்று விழும். அதனால் ஹோட்டலில் "இப்போது இல்லை" என்பது முடிந்த முடிவாக இருப்பதில்லை. முதல் வாரத்தில் ஒரு செய்தி, மூன்றாவது வாரத்தில் ஒன்று, சுற்றுலாப் பருவம் தொடங்கும் முன் இன்னொன்று என்று அனுப்புபவர் நினைவில் நிற்பார். அடிக்கடி கோல் எடுப்பதை மனிதவளப் பிரிவினர் விரும்புவதில்லை; விருந்தினர் வந்திறங்கும் நண்பகல் வேளையில் எடுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ நான்கு வரி போதும்: பெயர், எந்தப் பதவி, எந்தத் திகதியில் வந்தேன், இன்னும் விருப்பமாக இருக்கிறேன், எப்போது அறியலாம். தமிழ் மொழிமூலம் படித்த பலர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், எழுத வராது. அவர்கள் எளிய ஆங்கிலத்தில் எழுதினாலும் ஹோட்டலில் குறைவாக நினைக்கமாட்டார்கள். உருக்கமான நீண்ட குரல்பதிவு வேண்டாம். வீட்டுக் கஷ்டம் உண்மையாகவே இருக்கும். அதைச் சொல்லித் திறமையை மறைக்க வேண்டாம்.

ஆடைத் தொழிற்சாலைகளில் பிரச்சினை வேறு மாதிரி. தையல் இயந்திரப் பிரிவுக்கு அன்றே "நாளைக்கு வாங்க" என்று விடுவார்கள். அங்கே பின்தொடர வேண்டியது எழுத்திலான நியமனத்தை. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைக்குச் சேர்பவருக்குத் தொழில் நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்று 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொல்கிறது. எங்கே சேர்ந்தாலும் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் எந்த மாதத்திலிருந்து போகும் என்று முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்வது மரியாதைக்குறைவல்ல.

வெளிநாட்டு வேலையில்தான் இந்த மௌனம் ஆபத்தாக மாறுகிறது. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் தொழிலுக்காக வெளியேறினார்கள். நேர்முகப் பரீட்சைக்குப் பின் "நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள், விசா வர முற்பணம் கட்டுங்கள்" என்று ஒரு குரல் வருமானால், விசாரிக்க வேண்டிய இடம் அந்தக் குரலுக்குரியவரின் அலுவலகம் அல்ல. முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்ட பிறகுதான் ஒரு சதமும் கையை விட்டுப் போக வேண்டும்.

இப்படி விசாரிப்பதால் வேலை கிடைத்துவிடுமா? அமெரிக்காவில் இன்டர்வியூ முடிந்த மறுநாளே நன்றிச் செய்தி அனுப்புவது கிட்டத்தட்ட எழுதாத விதி. அங்கே அனுப்பாதவரைக் குறைத்து மதிப்பிடும் அதிகாரிகள் இருக்கிறார்கள். மாத்தளையில் அப்படி யாரும் எதிர்பார்ப்பதில்லை. எனவே அனுப்பாததால் நட்டமில்லை, அனுப்புபவர் தனித்துத் தெரிவார். அவ்வளவுதான் அதன் பலன். தகைமை இல்லாதவரை எந்தச் செய்தியும் உள்ளே கொண்டுபோகாது. விசாரிப்பதன் பெரிய பயன், காத்திருப்புக்கு ஒரு முடிவு வருவது. இல்லை என்ற பதிலும் பதில்தான். அது கிடைத்தவர் அடுத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்குவார். பதில் கிடைக்காதவர் கைக்கு எட்டும் சிறிய வேலையையும் ஏற்காமல், கொழும்புக்குப் போவதையும் தள்ளிப்போட்டு, மாதக்கணக்கில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெண்பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் கடுமை. பதில் வராத ஒவ்வொரு மாதமும் வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் உறவினரின் பக்கம் பலம் கூடுகிறது.

ஆனாலும் முழுச் சுமையையும் வேலை தேடுபவரின் தலையில் வைப்பது நியாயமில்லை. ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இந்தச் சுமையை மறுபக்கம் நகர்த்தியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட தொழில்தருநர், பகிரங்கமாக விளம்பரப்படுத்திய வேலைக்கு நேர்முகம் கண்ட ஒவ்வொருவருக்கும், கடைசி நேர்முகம் நடந்து 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்பதை அறிவிக்க வேண்டும். டொரொன்டோவில் வேலை தேடும் மாத்தளைப் பிள்ளைக்குச் சட்டம் தரும் அந்த மரியாதை மாத்தளையிலேயே வேலை தேடும் அதன் தங்கைக்கு ஏன் இல்லை?

அதற்குப் பாராளுமன்றச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மத்திய மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவும் மாத்தளை மாவட்டத்தின் பிரதேச சபைகளும் நேர்முகப் பரீட்சை அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: முடிவு இந்தத் திகதிக்குள், இந்த அறிவித்தல் பலகையில், விண்ணப்ப இலக்க வரிசையில், புள்ளிகளுடன் வெளியாகும். நியமனக் கடிதங்கள் மேடையில் வழங்கப்படாமல் பதிவுத் தபாலில் போகட்டும். தெரிவாகாதவருக்கும் அதே நாளில் ஒரு கடிதம் தமிழிலோ சிங்களத்திலோ போகட்டும். அதில் காரணமும், மேன்முறையீடு செய்ய வேண்டிய அலுவலரின் பதவியும், கடைசித் திகதியும் இருக்கட்டும். ஹோட்டல்களும் கடைகளும், ஆட்களை அழைக்கும்போது எடுத்த அதே தொலைபேசிப் பட்டியலை வைத்து முடிவையும் குறுஞ்செய்தியில் அனுப்பலாம். அதற்கு ஆகும் செலவு, வேலை விளம்பரத்தை ஒரு நாள் போடும் செலவிலும் குறைவு.